மூன்று காலில் ஓடும் பாட்டு

கண்ணுகளா, இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள். சுவரில் சாய்கிறவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள், காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். யாரும் சாகாத கதை ஒன்று சொல்லப் போகிறேன். தள்ளிப் பார்த்தும் நகராத ஒருத்தியின் கதை.

அவளுக்கு வேலை திரைச்சீலை தைப்பது. அந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவள் கர்ட்டன் அக்கா. நாலாம் மாடியில் தனியாக இருந்தாள். தாலி கட்டியவர் கூட இருந்த காலத்தில், கரண்டி கீழே விழுந்தாலே "என்ன சத்தம் அங்க" என்று உள்ளறையிலிருந்து குரல் வரும். தும்மல் வந்தால் முந்தானையில் முகம் புதைத்துத் தும்மியவள் அவள். ஒருநாள் அவர் வேறொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். போகிறவர் போகட்டும். அடுத்து வந்த சம்பளத்தில் அவள் முதலில் வாங்கியது பழைய சாமான் கடையில் கிடந்த ஒரு ரெக்கார்டு பிளேயர். உறை தொலைந்து, நடுவில் ஒட்டிய காகிதமும் தேய்ந்துபோன ஒரு இசைத்தட்டையும் கடைக்காரர் அதோடு சும்மா கொடுத்தனுப்பினார்.

பாடுவது யாரென்று தெரியாது. பாஷையும் புரியாது. வேலைவிட்டு வந்து, முகம் கழுவி, நூல் தூசியை உதறிவிட்டு முள்ளை வைப்பாள். கனத்த குரல் ஒன்று ஆற அமர எழுந்து வரும். அவசரம் என்றால் என்னவென்றே அறியாத குரல். முதல் நாள் அதை மெதுவாக வைத்துக் கேட்டாள். இரண்டாம் நாள் கொஞ்சம் கூட்டினாள். அந்த வார முடிவில் அவள் சமையலறையில் நின்றுகொண்டு, கரண்டியைப் பாத்திரத்தில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் மாடியில் ஒரு பல் டாக்டர், தொழிலை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டில் பாட்டுப் பிரியர்கள் கூடுவார்கள். சட்டம் எல்லாம் அவர் வைத்ததுதான். வீட்டில் இப்போது எந்த ஆல்பத்தை ரசித்துக் கேட்கிறோமோ அதைத்தான் கொண்டுவர வேண்டும், பெருமைக்கு எதையும் தூக்கி வரக் கூடாது. ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் சீட்டுப் போட்டு, ஒருவர் தட்டை இன்னொருவர் ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். டாக்டர் ஒவ்வொரு தட்டையும் பஞ்சால் துடைக்கிற அழகைப் பார்த்தால், அடுத்து அதற்கு ஊசி போட்டுவிடுவார் போலிருக்கும்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் ஒருவர் வருவார். முனைக் கடையில் ரொட்டி சுடுகிற பெண் வருவாள். விடியுமுன் எழுகிறவள், பாட்டு தொடங்கியதும் தூங்கிவிடுவாள். டாக்டரம்மா தேநீர் ஊற்றுவார். கர்ட்டன் அக்கா பல வாரம் ஓரமாக இருந்து கேட்டுவிட்டு, ஒருநாள் தன் முறைக்குத் தன் தட்டோடு வந்தாள்.

"யார் பாடினது?" என்று கேட்டார் டாக்டர்.

"பேர் தெரியாது டாக்டர். ஆனா ஆளைத் தெரியும். அழுது முடிச்சு, முகம் கழுவிட்டு, இனிமே அழறதா இல்லன்னு வந்து உக்காந்த ஆம்பளை. அப்படி ஒரு குரல்."

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் தன் பிளேயரில் முள்ளை வைத்தார். துள்ளிக்கொண்டு வந்தது ஒரு பெண் குரல்.

கொலுசு கட்டிக்கொண்டு படியிறங்கி ஓடுகிற மாதிரி பாடினாள் அந்தப் பெண். லிஃப்ட்காரர் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. பக்கம் முடிகிறவரை சட்டப்படி யாரும் பேசவில்லை. முடிந்ததும்தான் சிரித்தார்கள்.

"அக்கா, உங்க ஆம்பளை மீசையை எடுத்துட்டு வந்துட்டாரு போல" என்றார் லிஃப்ட்காரர்.

"இது என் தட்டு இல்ல" என்றாள் அக்கா.

"தட்டு உங்களுதுதான். உங்க பிளேயர்ல தட்டைச் சுத்தற பெல்ட் தொய்ஞ்சு போயிருக்கும். மெதுவா சுத்தினா குரல் தடிச்சுடும்" என்று விளக்கினார் டாக்டர். "நீங்க இத்தனை நாளா கேட்டது பாட்டே இல்லம்மா. பழுது. பெல்ட் மாத்துங்க. அதுவரைக்கும் உங்க முறையை நிறுத்தி வைப்போம்."

"நாளைக்கே வந்து மாத்திடறேன்கா. ரெண்டு நிமிஷ வேலை" என்றார் லிஃப்ட்காரர், நல்ல மனசோடுதான்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். கன்னம் சுட்டது. பிளேயரின் சுழல்தட்டைத் தூக்கி அடியில் பார்த்தாள். டாக்டர் சொன்னது சரி. பெல்ட் தொய்ந்து, பழைய ரவிக்கை நாடா மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தையல் மெஷினில் எத்தனையோ முறை பெல்ட்டை இழுத்துக் கட்டிய கை அது. இதையும் கட்டிவிடலாம். கட்டினால் நாளை முதல் இந்த வீட்டில் அந்தப் பெண் துள்ளிக்கொண்டு பாடுவாள். நன்றாகத்தான் பாடுகிறாள், குறையில்லை. ஆனால் தினமும் தன்னோடு உட்கார்ந்திருந்த அந்த ஆள் போய்விடுவார். பெல்ட் மாறினால் அவர் திரும்பி வர வழியே கிடையாது.

விரலால் பெல்ட்டைத் தொட்டாள். 'என்ன சத்தம் அங்க' என்று ஒருவர் கேட்டார். இப்போது இன்னொருவர் 'என்ன வேகம் அங்க' என்கிறார். அவ்வளவுதானே வித்தியாசம்? சுழல்தட்டைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து அழுத்தினாள்.

மறுநாள் லிஃப்ட்காரர் புது பெல்ட்டோடு வந்தார். வாசலிலேயே தேநீர் கொடுத்து, "பெல்ட்டைப் பையிலேயே வச்சுக்கோப்பா, வேற யாருக்காவது ஆகும்" என்று அனுப்பிவைத்தாள்.

அடுத்த ஞாயிறு டாக்டர் வீட்டுக்கு அவள் தட்டோடு மட்டும் வரவில்லை. திரைச்சீலைத் துணியில் பிளேயரைப் பிள்ளை மாதிரி சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மேசையில் டாக்டர் எடுத்து வைத்திருந்த தட்டை நகர்த்திவிட்டுத் தன் பிளேயரை வைத்தாள்.

"இது என்னம்மா?"

"என் முறை."

"நிறுத்தி வச்சோமே."

"நீங்க வச்சீங்க. நான் வைக்கல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாடினவ ஒரு வேகத்துல பாடியிருக்கா. அதைக் கெடுத்துக் கேக்கறது அவளுக்குப் பண்ற அவமரியாதை இல்லையா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அக்காவும் கொஞ்சம் யோசித்தாள்.

"அவங்க வந்து கேட்டா மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றாள். "ஆனா சட்டம் நீங்க போட்டது. வீட்டுல எதைக் கேட்டு ரசிக்கிறோமோ அதைக் கொண்டு வரணும்னீங்க. என் வீட்டுல ஓடறது இதுதான். போன வாரம் உங்க பிளேயர்ல ஓடினதை நான் என் வீட்டுல ஒருநாளும் கேட்டதில்ல. அதைக் கொண்டுவந்தாதான் பொய்."

"பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்கறீங்க."

"மூணு காலோடதான் என் வீட்டுல ஓடிட்டிருக்கு டாக்டர். எனக்கு அது போதும். நாலாவது கால் ஒட்ட யாரும் வர வேணாம்."

சமையலறை வாசலில் நின்ற டாக்டரம்மா தேநீர்த் தட்டைக் கீழே வைத்தார். "ஏங்க, சட்டம்னு வந்தா நானும் ஒண்ணு சொல்றேன். நீங்க இன்னைக்கு எடுத்து வச்சிருக்கீங்களே அந்தப் பெரிய கச்சேரித் தட்டு, அதை நம்ம வீட்டுல ஒரு தடவையாவது போட்டீங்களா? வாரம் பூரா சினிமாப் பாட்டுதானே கேட்டீங்க, அதுவும் கதவைச் சாத்திக்கிட்டு."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "போடுங்கம்மா" என்றார்.

அக்கா முள்ளை வைத்தாள். அவர் வந்தார். ஆற அமர, முகம் கழுவிக்கொண்டு, இனி அழுவதாக இல்லை என்று வந்து உட்கார்ந்தார்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். லிஃப்ட்காரர் முடிந்ததும், "பாதாளத்துக்கு இறங்கற லிஃப்ட் மாதிரி இருக்குக்கா, எனக்கு ஒத்துக்கல" என்றார். ரொட்டிக்காரப் பெண் மட்டும் அன்று தூங்கவே இல்லை. ஏன் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. சீட்டுப் போட்டபோது, அக்காவின் தட்டு டாக்டர் பங்குக்கு வந்தது. பிளேயரை அக்கா துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டாள். தட்டு இல்லாத அந்த வாரத்தில் அவள் வீடு வெறிச்சென்றுதான் இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

வாரம் முடியவில்லை, ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. டாக்டர், கையில் தட்டோடு.

"பிடிக்கலையா டாக்டர்?"

"எங்க வீட்டுல இவ ரொம்ப ஓடறா" என்றார் அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "நான் சொன்னது சொன்னதுதான், இது பழுதுதான். ஆனா உங்க பிளேயரை ரெண்டு நாளைக்குக் கொடுத்தீங்கன்னா..."

"கொடுக்க மாட்டேன்."

டாக்டர் திகைத்தார்.

"அது இந்த வீட்டை விட்டு இனிமே இறங்காது. கேக்கணும்னா செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. டாக்டரம்மாவையும் கூப்பிடுங்க."

இருவரும் வந்தார்கள். அளவெடுத்துக் கிடந்த துணியை ஒதுக்கி, நாற்காலிகளை இழுத்துப் போட்டாள் அக்கா. ஜன்னல் திறந்தே இருந்தது. சத்தத்தை அவள் குறைக்கவில்லை. பாதிப் பாட்டில் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா உதட்டில் விரலை வைத்தாள்.

"பக்கம் முடியல டாக்டர்."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

இவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டில் உலை கொதிக்கிற சத்தமும் பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தமும் ஓயாமல் இருக்கட்டும். உங்களுக்குப் பிடித்த பாட்டு உங்களுக்குப் பிடித்த வேகத்தில் ஓடட்டும். குறை சொல்ல வருகிறவர்களுக்கும் உட்கார ஒரு நாற்காலி இருக்கட்டும்.