புளியவிறகு வாசம்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவா இனித்தது, மணக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மலையடிவாரத்தில் அருகிவரும் சாம்பல் மலையணில்களைக் காக்கும்பொருட்டு—"

சே! பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்துவிட்டேன்.

2

எண்பத்தேழு, ஆடிப்பூரத்துக்கு முந்தின வாரம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் முத்துப்பேச்சி கோவா கிண்டி விற்றாள். நான் வேலை பார்த்த ராஜபாளையம் மில்லிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப்போய் வாங்குவேன். ஏதாவது குறையும் சொல்வேன். புளியவிறகுத் தீயில் பால் சுண்டும்போது ஏறுமே ஒரு புகைவாசம், ஐயோ, இப்போதும் நாக்கு ஏங்குகிறது.

விறகு கொண்டுவருகிறவன் அவள் கொழுந்தன் ஆண்டிச்சாமி. (அவனை முதலில் வில்லனாக்கி மீசையும் வைத்தேன். பாவம், நல்லவன். மீசையை எடுத்துவிட்டேன்.) திருவிழாவுக்காக அடிவாரத் தோப்பில் ஒரு புளியமரத்தை வெட்டினான். அடுத்ததையும் பேசி வைத்திருந்தான். பார்க்கப்போன முத்துப்பேச்சி முகம் வாடித் திரும்பினாள்.

"அந்த அடுத்த மரத்துக் கொம்பு நுனியில மலையணிலு நிக்கிது அண்ணாச்சி," என்றாள் என்னிடம். "தாவ மரமில்ல, தரைக்கும் எறங்க மாட்டேங்கு. இனி எனக்குப் புளியவெறகு வேண்டாம்."

3

மறுநாள் ஞாயிறு, நானும் போயிருந்தேன். விறகுக்குப் பதில் முந்திரித்தோடு வாங்கி எரித்தாள். தோட்டில் எண்ணெய் உண்டு, தீ குபீரென்று ஏறும். புளியவிறகுக்குக் கிண்டும் அதே நிதானத்தில் கிண்டினாள். சட்டி அடிப்பிடித்துக் கருகியது.

"திருவிழா ஏவாரம் போச்சுன்னா வருசம்பூரா என்ன செய்வீய மயினி?" என்றான் ஆண்டிச்சாமி. "இன்னொரு சட்டி பாப்போம். தேறலேன்னா விடிஞ்சதும் அந்த மரத்தையும் சாச்சிருவேன்."

"தேறிட்டா?"

"தேறிட்டா, மரத்துல புளி உலுக்கி விக்கேன். ஒங்களுக்குத் தோடு செமந்து போடுதேன்."

4

அடுத்த சட்டிக்குத் தோட்டைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டாள், கை ஓயாமல் கிண்டினாள். ஒரு விள்ளல் எடுத்து இலையில் வைத்து நீட்டினாள்.

"குறை சொல்ல ஒங்கள விட்டா ஆளில்ல. மறைக்காமச் சொல்லுங்க அண்ணாச்சி."

பதம், இனிப்பு எல்லாம் சரி. அந்த வாசம் மட்டும் இல்லை.

முடிவு ஒன்று: "நல்லாருக்கு," என்றேன். ஆண்டிச்சாமி அரிவாளை—

முடிவு இரண்டு: "பழைய மணம் இல்லியே தாயி," என்றேன். அவள் கிண்டும் துடுப்பைக் கீழே—

இரண்டையும் பாதியில் விட்டேன். பழைய வாசத்துக்கு ஏங்கும் நாக்கு நியாயம் சொல்லாது. அந்த வாசத்தை அறியாதவர் நீங்கள். கோவா இன்னும் சூடாக இருக்கிறது, இலையை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். முத்துப்பேச்சி உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்கள், எப்படியிருக்கிறது?