தேடி வந்தவர்

தொலைபேசியை எடுக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். மணி விடாமல் அடித்ததால் இவளே எழுந்து போய் எடுத்தாள். வழக்கமாக அது இவள் வேலை இல்லை. நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி, காற்று மெத்தை எல்லாம் வாடகைக்கு விடும் கடை அது. கடையின் வலைப்பதிவை எழுதுவதுதான் இவள் வேலை. அங்கே எல்லாரும் இவளை எழுத்துக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இவள் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கத்துக்கு ஈ காக்கை வராது. 'எங்கள் கட்டில்கள் தரமானவை' என்ற தினுசில் முதலாளியே எதையோ எழுதி வைத்திருந்தார். விளம்பரத்தில் பணத்தைக் கொட்டாமல் ஆட்கள் தாமாகத் தேடி வரவேண்டும் என்பது அவர் ஆசை. இவள் கட்டிலைப் பற்றி எழுதுவதையே விட்டாள். கட்டில் தேவைப்படுகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்தாள். அப்பாவை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது. படுக்கைப் புண் ஆறுமா. தனி ஆளாகக் குளிப்பாட்ட முடியுமா. அவர்கள் தட்டிய சொற்களையே தலைப்பாக்கி, புத்தகங்களைப் புரட்டி, அனுபவமுள்ள ஒரு நர்ஸிடம் சரிபார்த்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டுரை எழுதினாள். படுக்கைப் புண் கட்டுரை மெல்ல ஏறி, தேடினால் முதலில் வருவது அதுதான் என்றானது. வருகையைக் காட்டும் கோடு மேலே போகப் போக முதலாளிக்கு வாயெல்லாம் பல். இவளுக்கும் சந்தோஷந்தான். அந்தக் கோடு உயர்வதென்றால் எங்கெங்கோ வீடுகளில் யார் யாரோ படுத்த படுக்கையாகிறார்கள் என்றுதான் பொருள். அதை இவள் அதிகம் நினைத்ததில்லை.

"வணக்கங்க," என்றது ஓர் ஆண் குரல். அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அண்ணன்.

கணவனை விட்டு இவள் பிறந்த வீட்டுக்கு வந்த அன்று, நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று அப்பா கேட்டார். அண்ணன் வாசலில் தலையைக் குனிந்து நின்றான். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். முதலில் கோபம் இருந்தது. பிறகு அதுகூட இல்லை. அடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம் என்ற நினைப்பு மட்டும் மாதாமாதம் இருந்தது.

அவனுக்கு இவள் குரல் பிடிபடவில்லை. நெட்டில் முதலில் வந்த கட்டுரையைப் படித்ததாகவும், அதன்படிதான் அப்பாவைத் திருப்பிப் போட்டு வருவதாகவும் சொன்னான். பக்கவாதமாம். மழைக்காலத்திலிருந்து படுக்கைதான், பேச்சும் இல்லை. இவள் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவர் எடை எவ்வளவு இருக்கும்?

"முன்னாடி நல்ல கனம். இப்ப நான் ஒத்தையாவே தூக்கிடறேன்."

உதவிக்கு வேறு யாராவது?

"தங்கச்சி ஒருத்தி இருக்கா. எங்க இருக்கான்னுதான் தெரியல."

சொல்லியிருக்கலாம். பேனாவை எடுத்து, முகவரி கேட்டாள். அவன் முகவரி சொல்லத் தொடங்கினான். தான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு எங்கே திரும்ப வேண்டும், எந்தச் சுவரை ஒட்டிப் போக வேண்டும் என்பதைக் கடைசிவரை கேட்டுக் குறித்துக்கொண்டாள். கட்டிலையும் காற்று மெத்தையையும் சீக்கிரம் அனுப்பச் சொல்லி, மேடம் என்று விளித்து, நன்றி சொல்லி வைத்தான்.

கட்டில் ஏற்றிய வண்டியில் இவளும் ஏறிக்கொண்டாள். கதவைத் திறந்த அண்ணனுக்குக் காதோரம் முழுக்க நரைத்திருந்தது. இவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கழுத்தில் தொங்கிய கடையின் அடையாள அட்டையை.

"போன்ல பேசினது நீயா?"

தலையாட்டினாள்.

"அப்ப அந்தக் கட்டுரை?"

"நான்தான் எழுதினேன்."

திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவன் நகர்ந்து வழிவிட்டான்.

"அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன்," என்றான். "என்ன பண்ணப் போறோம்னு அவருக்கும் தெரியணும்ல. முடிச்சதும் மறுபடி படிக்கச் சொன்னாரு, கண்ணாலயே."

வண்டியில் வந்த ஆட்கள் கட்டிலைப் பொருத்தி முடித்தார்கள். அண்ணன் அப்பாவை ஒரே மூச்சில் தூக்கி அதில் கிடத்தினான். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கால்மாட்டில் நின்றிருந்த இவள் குனிந்து கைப்பிடியைச் சுழற்றினாள். தலைப்பக்கம் மெல்ல உயர்ந்தது. அவர் பார்வை கூரையிலிருந்து நழுவிச் சுவருக்கு வந்தது, சுவரிலிருந்து சன்னலின் மேல்விளிம்புக்கு. இன்னும் சில சுற்றில் அது இவள் முகத்துக்கு வந்துவிடும். சுழற்றுவதை நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றான் அண்ணன்.

இவள் நிமிராமல் மறுபடி சுழற்றத் தொடங்கினாள்.