புருவ மட்டத்துக்கு ஒரு கம்பு

1

இந்தக் கதை, சண்டை போடப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது. ஞாயிறு காலை எழுத உட்கார்ந்தால் தலைக்கு மேலே தொப், தொப் என்று சத்தம். கொஞ்ச நேரம் ஓய்வு. பிறகு எதுவோ உருண்டு ஓடிச் சுவரில் இடிக்கும். பல வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்குப் படியேறினேன். என்ன கேட்க வேண்டும் என்பதைப் படியிலேயே நல்ல காரமான வாக்கியமாகக் கோத்து வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தவர் மேல்வீட்டு அக்கா. திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்ப்பவர். நைட்டி, இடுப்பில் இறுக்கி முடிந்த துப்பட்டா, கையில் ஒரு மரக்கம்பு.

"கீழ சத்தம் கேக்குதா? உள்ள வாங்க, ரைட்டர். வலது பக்கம் மட்டும் நிக்காதீங்க."

கோத்த வாக்கியம் உதிர்ந்துவிட்டது.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்:

[குடித்துவிட்டு வரும் கணவனின் காலடி ஓசை கேட்டதும் அவள் கம்பை இறுகப்—]

அக்காவின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். குடிப்பது டீ மட்டும். அக்கா பயிற்சி செய்ய வசதியாக சோபாவைச் சுவரோரம் தள்ளிக் கொடுப்பவரும் அவர்தான்.

[சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடிய அந்த மோட்டார் சைக்கிளை அவள் மறக்கவே—]

[மருத்துவர் அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அன்றுதான் அவள்—]

மூன்றையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இது என் வீட்டுக்காரர் காதுல விழுந்தா மனுஷன் உக்காந்து அழுவாரு. எனக்கு ஏன் ஏதாவது ஆயிருக்கணும்?"

"வாசகருக்கு ஒரு காரணம் வேணுமேக்கா."

"ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் ஆடப் போற ஆம்பளைகிட்ட, உங்கள யாரு அடிச்சாங்கன்னா கேக்கறீங்க? பிடிச்சிருந்துச்சு, பண்றேன். அவ்வளவுதான்."

"அப்படின்னா சீனாக்காரங்க கம்பு எதுக்குக்கா? நம்ம சிலம்பம் இருக்கே?"

"இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு. எனக்கு இது பிடிச்சிருக்கு."

ஆகவே வாசகரே, காரணம் கிடையாது. காரணம் இல்லாமல் ஒரு பெண் கம்பு சுற்றுவதை ஏற்க முடியாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

3

ஒருநாள் கடையில் மதியச் சாப்பாட்டின்போது, வேறெதையோ தேடப் போய்க் கைப்பேசியில் அந்த வீடியோ வந்து நின்றிருக்கிறது. சிவப்புக் காலணி போட்ட ஒரு சீனப் பெண் கம்பு வித்தை சொல்லிக்கொடுக்கிறாள். பேச்சில் ஒரு சொல்கூட அக்காவுக்குப் புரியாது. ஆனாலும் அவளுக்கு 'வாத்தியாரம்மா' என்று பெயர் வைத்து, அவள் ஏதாவது சொல்லி நிறுத்தினால் "சரிங்க" என்று பதிலும் சொல்வார்.

கம்பின் உயரம் புருவ மட்டம் என்பதை வாத்தியாரம்மா கையால் காட்டினாள். கடையில் மிஞ்சிக் கிடந்த திரைச்சீலைக் கம்பு ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, வளையங்களைக் கழற்றிவிட்டு, தன் புருவத்துக்கு அறுத்துக்கொண்டார். இரும்பில் செய்தது வேண்டாம் என்றாராம், உள்ளே பொள்ளல், அடித்தால் பாத்திரம் மாதிரிச் சத்தம் வரும் என்று.

முதலில் உடம்பின் இரு பக்கமும் கம்பைச் சுழற்றி எட்டுப் போடுவது. பிறகு குத்து. பிறகு தாழ்ந்து உட்கார்ந்து தரையில் ஒரே அறை. (என் தலைக்கு மேல் கேட்டது இதுதான்.) கடைசியில் கம்பை முதுகுக்குப் பின்னால் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவது. உருண்டு ஓடியது அங்கேதான்.*

* மின்விசிறியின் ஓர் இறக்கை வளைந்து போயிருக்கிறது. இதைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியாததால் இங்கே வைக்கிறேன்.

பாதி வருடம் போன பிறகு, அதே வித்தையைப் பின்பக்கமிருந்து எடுத்த வீடியோ ஒன்று அகப்பட்டது. பார்த்த அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே நிற்பவளைப் பார்த்துப் பழகியதில் வலம் எல்லாம் இடமாகவும் இடமெல்லாம் வலமாகவும் மாறிப்போயிருந்தது. மொத்தமும் தலைகீழ்.

[அன்று அவள் கம்பை மூலையில் சாத்திவிட்டு—]

இல்லை. அன்று அவர் சொன்னது இது: "கத்துக்கிட்டதுக்கு அப்புறம் எவன் மாத்துவான்? தப்பா தெரியறவங்க என்னைக் கண்ணாடியில பாத்துக்கட்டும்."

4

இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

வீட்டுக்குள் இடம் போதாமல் அக்கா மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தார். யாரோ எதிர்க் கட்டடத்திலிருந்து வீடியோ எடுத்துவிட்டார்கள். நைட்டி, கம்பு, முதுகுக்குப் பின்னாலிருந்து நழுவி விழும் அந்த நொடி, அதைத் துரத்திக்கொண்டு அக்கா ஓடுவது. 'நைட்டி நிஞ்ஜா' என்று தலைப்பு. குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. அங்கிருந்து அது அக்கா மகளின் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தது.

மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளியிலிருந்து வந்தவள் புத்தகப் பையைக்கூடக் கழற்றவில்லை. அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, இதை விட்டுடு."

"எதை?"

"நான் கிளாஸுக்குள்ள போனாலே பசங்க ஸ்கேலைச் சுத்தறாங்கம்மா. உனக்கு விளையாட்டு. எனக்கு அசிங்கமா இருக்கு."

அக்காவின் முகம் சுருங்கியது. மகளின் தலையைத் தொடப் போனார், அவள் நகர்ந்துகொண்டாள்.

"நான் யாருக்கு என்ன பண்ணேன், சொல்லு?"

"ஒண்ணும் பண்ணல. விட்டுடுன்னுதான் கேக்கறேன்."

"அதுமட்டும் முடியாதுடி."

மகள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இந்த இடத்தில் எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது. ஒரு பிள்ளையின் கண்ணீருக்கு முன்னால் ஒரு கம்பு பெரிதா என்று ஒரு பத்தி எழுதினேன். மறுநாள் படித்தபோது, குழுவில் சிரித்தவர்களின் குரல் என் பத்தியில் கேட்டது. அழித்துவிட்டேன்.

மகள் தாழ்ப்பாள் போட்ட அன்றிரவே அக்கா குழுவில் எழுதியது:

'மொட்டை மாடியில எடுத்த வீடியோல என் முகம் சரியா தெரியல. நாளைக்கு சாயங்காலம் கீழ கார் நிறுத்துற இடத்துல முழுசா செய்யப் போறேன். எடுக்கறவங்க கிட்ட வந்து எடுங்க.'

5

வந்தார்கள். பால்கனிகளில் கைப்பேசிகள் உயர்ந்து நின்றன. குடியிருப்புச் செயலாளர், வண்டி நிறுத்தத் தெரியாதவர்களைப் பார்த்து விசில் ஊதுவதால் 'விசில்' என்றே பெயர் வாங்கியவர், வேகமாக வந்தார்.

"என்னம்மா இது? காருல பட்டா யாரு பொறுப்பு?"

"கார நகத்துங்க சார். அதுவரைக்கும் நான் நிக்கறேன்."

விசில் சுற்றிப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. போய்ச் சாவி எடுத்து வந்து காரை நகர்த்தினார்.

அதே நைட்டிதான். எட்டு சுழன்றது. குத்து. தரையில் விழுந்த அறையில் குழந்தைகள் துள்ளினார்கள். கம்பு முதுகுக்குப் பின்னால் போயிற்று, நழுவிற்று, உருண்டு சாக்கடை மூடிமேல் போய் நின்றது. மேலேயிருந்து சிரிப்பு கொட்டியது.

அக்கா நடந்து போய் எடுத்தார். விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அதே இடம். மறுபடி விழுந்தது. மறுபடி சிரிப்பு, கொஞ்சம் குறைவாக. மறுபடி எடுத்தார், முதலிலிருந்து. இந்தமுறை விழவில்லை என்று எழுத விரல் துடிக்கிறது. விழுந்தது. அக்காவின் கணவர், நம் வேன்காரர், எடுத்துக் கொடுக்க ஓடினார். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தானே குனிந்தார். அதற்குள் சிரிப்பு நின்றிருந்தது. சிலர் கைப்பேசியை இறக்கிவிட்டார்கள்.

எத்தனையாவது முறை என்பதை நான் எண்ணவில்லை. வலக்கை விட்டது, இடக்கை பிடித்தது. ஒரு சுற்று, ஒரு குத்து, முடிந்தது. கைதட்டல் இல்லை. வேன்காரர் ஆரம்பித்தார், துணைக்கு ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார். அக்கா ஒரு முஷ்டியை மறு உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு மாடியாக அண்ணாந்து பார்த்து வணக்கம் வைத்தார். வாத்தியாரம்மா வைப்பதற்கு நேர்மாறான கையில்.

6

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் மகள் படிகளில் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொள்கிறாள். இன்னொன்றில் பெட்டியோடு சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறாள். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு காலையில் அவளே கம்பைத் தூக்கி எடை பார்க்—

அழைப்பு மணி அடித்தது. வாசலில் அவள்தான்.

"நீங்க அம்மாவ பத்தி எழுதறீங்களாமே?"

"ஆமாம்மா."

"நான் வர்றேனா அதுல?"

"வர்றே."

"கடைசியில நான் சமாதானமாயிட்டேன்னு எழுதுவீங்க. கம்பை நானும் எடுத்தேன்னு எழுதுவீங்க. தெரியும் எனக்கு." வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "நான் ஜன்னல் வழியா முழுசா பாத்தேன். இன்னும் எனக்குக் கோவம்தான். அது போகுமா போகாதான்னு எனக்கே தெரியல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"அப்ப எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.

மூன்று வரைவுகளையும் கிழித்துவிட்டேன். முடிவு வேண்டும் என்பவர்கள் மூன்றாவது மாடிக்குப் போய், அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் எழுத மாட்டேன்.