அம்மாவின் ரத்தத்தில் தெரிந்தது

தம்பி லாக்கிக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்க டாம்சின் நோஸ்கே ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கிலிருந்து அடிலெய்டு நகர ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். அவனுக்கு ரத்தப் புற்றுநோய். அவளுடைய மஜ்ஜை அப்படியே பொருந்தியிருந்தது.

"உன் மஜ்ஜை உள்ள போனா நானும் உன்ன மாதிரி சண்டைக்காரனாயிடுவேனே" என்றான் லாக்கி.

"ஆயிட்டுப் போ. வீட்ல ஒரு ஆள் பத்தல."

அப்போதுதான் டாக்டர் ஃபேரலி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க மஜ்ஜைய எடுக்க முடியாது. லாக்கிகிட்ட இருக்கிற பழுது உங்ககிட்டயும் இருக்கு."

"எனக்குத்தான் நோயே இல்லையே."

"இன்னும் இல்ல, வராமலும் போகலாம். ரத்த செல் வளரும்போது எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா கிடக்கணும்னு சொல்ற ஒரு புரதம் இருக்கு. படியெடுப்புக் காரணின்னு சொல்லுவோம். அந்தப் புரதத்துக்கான மரபணு உங்க குடும்பத்துல பிறவியிலயே கெட்டிருக்கு. அதனால ரத்தம் சீக்கிரம் உறையாது, தொட்டாலே கன்னிப்போகும். கூட வேற பழுதும் சேர்ந்தா, செல் முதிராமலே பெருகிக்கிட்டுப் போகும். அதுதான் புற்றுநோய். உங்க அம்மாவோட ரத்த மாதிரியிலயே அது..."

அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அம்மா செத்து ஒன்பது வருஷமாச்சு" என்றாள் டாம்சின். "அப்பவே தெரியுமா?"

"அது அவங்க இங்க சிகிச்சையில இருந்தப்ப ஆராய்ச்சிக்குன்னு எடுத்த ரத்தம். அதுல தெரியறதக் குடும்பத்துக்குச் சொல்ற வழக்கம் அப்ப இல்ல."

தொட்டாலே கன்னிப்போகும் என்றது டாம்சினுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மகள் எல்சியின் தொடையிலும் முதுகிலும் எப்போதும் கன்னிப்போன நீலத் திட்டுகள். முன்பு அதைப் பார்த்து, வீட்டில் யாரோ அடிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடம் புகார் கொடுத்தது. குழந்தைகள் நலத் துறையினர் வீட்டுக்கு வந்து எல்சியின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். அன்று இரவு கணவன் கிரெய்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நீ அடிச்சியா?" அந்த மாதமே அவன் வீட்டைவிட்டுப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து கிரெய்குக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"டாக்டர் சொன்னப்புறம்தான் என்ன நம்புறியா?" என்று கேட்டுவிட்டு அவன் வைத்துவிட்டான். அந்தக் கோபம் நியாயம்தான் என்பது அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

ஜெர்மனியில் முகம் தெரியாத ஒருவர் லாக்கிக்கு மஜ்ஜை கொடுத்தார். பாதி உடம்பாகி அவன் வீடு திரும்பினான். எல்சிக்கும் அதே பழுதுதான் என்று பரிசோதனையில் தெரிந்தது. அந்த முடிவோடு டாம்சின் நேராக ஃபேரலியின் அறைக்குப் போனாள்.

"ரொம்ப வருத்தப்படறேன்" என்றார் அவர்.

"உங்க வருத்தத்த வெச்சு நான் என்ன பண்ண? எங்க அம்மா மாதிரி இன்னும் எத்தனை பேர் ரத்தம் உங்க உறைபெட்டியில இருக்கு? அவங்க பிள்ளைங்கள்லாம் எங்க இருக்காங்க?"

"அவங்களுக்குச் சொல்லலாமான்னு ஆராய்ச்சிக் கமிட்டிதான் முடிவு பண்ணணும்..."

"கூப்பிடுங்க கமிட்டிய. எனக்கு அவசரமில்ல."

நாற்காலியை இழுத்துக் கதவை மறித்துப் போட்டு உட்கார்ந்தாள். காவலாளி வந்தான், எல்சியின் முதுகைப் படம் எடுத்து வைத்திருந்ததை அவனிடம் காட்டினாள். அவன் டாக்டரைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

ஃபேரலி கமிட்டியைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.