பாயிண்ட்டா, பொட்டியா

எங்கள் வீட்டில் யாருக்கு மரியாதை அதிகம் என்று கேட்டால், யோசிக்காமல் லாரிக்கு என்று சொல்வேன். பெரிய லாரி என்று நினைத்துவிட வேண்டாம். பெட்ரோலில் ஓடும் பழைய குட்டி லாரி. நான் பிறப்பதற்கு முன்பே கேரளாவிலிருந்து செங்கோட்டை வழியாக அப்பா ஓட்டி வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரை. லாரி தும்மினால் குடும்பமே கூடிவிடும்.

இந்த வருஷச் சாரல் பருவத்தில் அது தும்மவில்லை, படுத்தேவிட்டது. தென்காசியில் எங்கள் வீட்டு அடுப்பில் அம்மா குருவம்மாள் விடிவதற்குள் அறுநூறு இட்லி அவிப்பாள். ஆறே முக்காலுக்குள் அது இலஞ்சியில் ஒரு மாணவியர் விடுதிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை ஏழரைக்குப் போனது. அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு. அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். வார்டன் உமாராணி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"குருவம்மா, இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத."

பத்து வருஷ வேலை. என்னைப் படிக்க வைத்தது அந்த அடுப்புதான், லாரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. தலைமை பெரியப்பா இசக்கிமணி. போலீசில் எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர், சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் விசாரணை வைப்பார். அப்பா சங்கிலிப்பாண்டி வந்தார். மெக்கானிக் மசூது வந்தார். காப்பி கொண்டுவர அம்மா அழைக்கப்பட்டாள். என்னை யாரும் அழைக்கவில்லை. நானே போய் உட்கார்ந்தேன்.

லாரி எஞ்சினுக்குள் பாயிண்ட் என்று இரண்டு சின்ன உலோகத் துண்டுகள் ஒட்டி ஒட்டிப் பிரியும். பிளக்கில் தீப்பொறி வருவது அதனால்தான். அதற்குப் பதில் எலக்ட்ரானிக் பெட்டி வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எங்கள் லாரிக்கு மட்டும் அந்தத் தகவல் வந்து சேரவில்லை.

"பாயிண்ட்டத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுவோம்" என்றேன்.

"ஏட்டி, நீ படிச்சது கரண்டு. இது பெட்ரோல் வண்டி" என்றார் பெரியப்பா.

"பெட்ரோலப் பத்த வைக்கதே கரண்டுதான், பெரியப்பா."

"எதுத்துப் பேசத்தான் காலேசுக்கு அனுப்புனானா ஒங்கப்பன்?"

மசூது அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "அண்ணாச்சி, பாயிண்ட்டுன்னா எந்தக் காட்டுல நின்னாலும் அரை பிளேட நடுவுல வச்சு இடைவெளி பாத்து ஓட்டிட்டு வந்துரலாம். அந்தப் பொட்டி மண்டையப் போட்டுச்சுன்னா கயிறு கட்டித்தான் இழுக்கணும்."

மசூதின் அளவுகோல் ஷேவிங் பிளேடு. ஆனாலும் நியாயமான பேச்சுதான். ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லை.

"இப்ப மட்டும் என்ன, பறந்துக்கிட்டா இருக்கு?"

"வண்டி மேல கண்ணு பட்டிருக்கு" என்றார் அப்பா. "அதான் செவ்வா, வெள்ளியாப் பாத்து மக்கர் பண்ணுது."

பாதி துருவும் மீதி பெயிண்டுமாக நிற்கிற வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட ஊரில் ஆட்கள் இருக்கிறார்களாம்.

அம்மா காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு தடவ ஒங்க பேச்சக் கேட்டு வண்டி நின்னுச்சு. இந்தத் தடவ அவ பேச்சக் கேட்டு நிக்கட்டும்."

கூட்டம் கலைந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மசூது பெட்டியை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் லாரி பிடித்துக்கொண்டது. அப்பாவே சிரித்துவிட்டார். நான் ஒரு ராத்திரி முழுக்க இன்ஜினியராக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, சாரல். இட்லிப் பாத்திரங்கள் ஏறிவிட்டன. மணி ஆறு. அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் சுற்றியது, பிடிக்கவில்லை.

பால் வாங்கப் போன பெரியப்பா குடையோடு நின்றுவிட்டார். "கூப்புடு ஒன் பொட்டிய."

அம்மா பாத்திரத்தின் மேல் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள். பெரியப்பா சொன்னதைவிட அதுதான் எனக்குச் சுட்டது.

பானட்டைத் தூக்கினேன். குப்பென்று சந்தன வாசனை.

செவ்வாயும் வெள்ளியும் விடிகாலையில் அப்பா எஞ்சினுக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, குற்றாலத்தில் பிடித்து வந்த அருவித் தண்ணீரைத் தெளிப்பார். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதனால் பார்த்ததே இல்லை. வண்டி இரண்டு தடவை நின்ற பிறகு கண் கழியட்டும் என்று தண்ணீரைக் கூட்டியிருக்கிறார். இன்றைக்குப் புதுச்சாமான் வேறு, சந்தனமும் கூடுதல். பிளக் வயர்கள் வந்து சேருகிற மூடியைக் காணவில்லை, சந்தன மேடுதான் இருந்தது. கோடையில் காய்ந்து உதிர்ந்துவிடும். சாரலில் எங்கே காய? தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரச் சந்தனத்தில் வழுக்கி விளையாடியிருக்கிறது.

மூடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்தேன். சந்தனத்துக்கு அடியில் முடி போலக் கருகிய கோடு ஒன்று, தீப்பொறி வழி தவறி ஓடிய தடம். அதைச் சுரண்ட வேண்டும். டாஷ்போர்டைத் துழாவினேன். கையில் கிடைத்தது மசூதின் அரை பிளேடு. சுரண்டிவிட்டு, இன்னும் அணையாத இட்லி அடுப்போரம் காட்டிக் காயவைத்து மாட்டினேன்.

ஒரே திருப்பு.

இலஞ்சியில் உமாராணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நாற்பத்து மூன்று. கதவைத் திறந்துவிட்டார்.

மத்தியானம் பழைய பாயிண்ட்டை மசூதிடம் காட்டினேன்.

"இதுக்கு என்ன கொறச்சல்? போன மாசந்தானே புதுசு போட்டேன்."

"அத ஏன் கூட்டத்துல சொல்லல?"

"நீ எங்க கேட்ட? படிச்ச புள்ள, விவரமாத்தான் சொல்லுதன்னு நெனச்சேன். பொட்டியக் கழத்திருவமா?"

"இருக்கட்டும்" என்றேன். அதைக் கழற்றினால் பெரியப்பாவுக்கு யார் பதில் சொல்வது? பாயிண்ட்டையும் பிளேடையும் பொட்டலம் கட்டி டாஷ்போர்டில் போட்டேன். பானட்டுக்குப் பூட்டு வாங்கினேன். சந்தனம் இனிமேல் முன்கண்ணாடிக்குத்தான் என்றேன். அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பெரியப்பா பேசுகிறார். "தம்பி மக ஒரு எலக்ட்ரானிக் பொட்டிய மாட்டுனா பாருங்க, சாரல்லயும் குதிர மாதிரி ஓடுது" என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் புகழ்கிறார். அதுவும் நான் தப்பாகச் சொன்ன ஒன்றுக்காக.