சாய்ந்திருக்கும் உத்தியோகம்

நோயோடு சண்டை போடப் பிறந்த ஒரு பி செல்லின் நடுவறையில் அவருக்கு உத்தியோகம். அவர் ஒரு புரதம். இடத்தைவிட்டு அசையாததால் ஆணி என்று பெயர். என்ன வேலை என்று கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூடாது. சாய்ந்திருப்பதுதான் வேலை. அறை முழுக்க மரபணு பீரோக்கள். ‘பி செல்லாக இருப்பது எப்படி’ என்ற பீரோ மூடிவிடாமல் ஒரு காலால் பிடித்திருப்பார். ‘கண்டதையும் விழுங்குவது எப்படி’ என்ற பீரோ திறந்துவிடாமல் முதுகால் அடைத்திருப்பார்.

செல் எலும்பு மஜ்ஜையில் சின்னப்பிள்ளையாக, என்னவாகப் போகிறோம் என்றே தெரியாமல் திரிந்த காலத்தில் வந்து சாய்ந்தவர். அன்று அவர் வந்திராவிட்டால் இது எப்படியெப்படியோ போயிருக்கும்.

படியெடுப்பது அவருடைய மச்சான். மச்சானுக்கு மூளை உண்டு, செலவழிப்பதில்லை. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதிலிருப்பதைப் படியெடுத்து அனுப்புவார். வெளியே அதை அப்படியே செய்துவிடுவார்கள். ஒருமுறை ஆணி சோம்பல் முறிக்க இம்மியளவு நகர்ந்தார். அவ்வளவுதான், செல் பக்கத்து வீட்டுச் செல்லைக் கடித்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

“பாக்க மாட்டீங்களா மச்சான்?”

“தொறந்திருந்துச்சு, எடுத்தேன்.”

அதற்குப் பிறகு ஆணி தும்மக்கூட இல்லை.

பிறகொரு நாள் கிருமி புகுந்து உடம்பு அனலாய்க் கொதித்தது. அறைக்குள் புதுப் புரதம் ஒருத்தி வந்து நின்றாள்.

“அண்ணே, எழுந்திருங்க.”

“எழுந்தா பக்கத்து வீட்டத் திங்கும். தெரியுமா உனக்கு?”

“நீங்க எழுந்தாத்தான் இந்தச் செல்லு எதிர்ப்பொருள் செய்யிற ஆலையா மாறும். இல்லாட்டி கிருமி ஜெயிச்சிடும்.”

“அப்புறம் நான் எந்த பீரோவுல சாயிறது?”

அவள் தரையைப் பார்த்தாள். “இனிமே இங்க உங்களுக்கு வேலை இல்லண்ணே.”

வேலையில்லாத புரதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு புரதம் செய்துவிடுவார்கள். ஆணிக்கு அது தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் முதுகுக்குப் பின்னால் இருந்தது: தான் இல்லாவிட்டால் இந்தச் செல் மானங்கெட்டுப் போய்விடும்.

வெளியே கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. கண்களை இறுக மூடிக்கொண்டு எழுந்தார்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் முன்னமே தோள் கொடுத்து விழுங்கும் பீரோவை அடைத்திருந்தாள். அவர் கால் பிடித்திருந்த ‘பி செல்’ கதவு தானாகச் சாத்திக்கொண்டது; ஆலைக்கு அது இனி வேண்டாம். மச்சான் வேறொரு பீரோவில் எதிர்ப்பொருளை மூச்சுவிடாமல் படியெடுத்துக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செல் பிழைத்துக்கொண்டது.

“வரேன் மச்சான்” என்றார் ஆணி.

“யாரு?” என்றார் மச்சான்.