மீன்கொத்தி நீலம்

கண்காட்சியில் நடுவர் அந்த மரப்பறவையைக் கையில் எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“மீன்கொத்தின்னு எழுதியிருக்கீங்க. முதுகு பிளாஸ்டிக் வாளி மாதிரில்ல இருக்கு!”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். டிரைவரம்மாவுக்கு முகம் சிவந்துபோனது. இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். ஒழிந்த நேரமெல்லாம் பறவை செதுக்கி வண்ணம் தீட்டுவதுதான் அவள் உயிர்.

வீட்டுக்கு வந்ததும், ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று கணவர் ஆரம்பித்தார். “உனக்கும் அம்பத்திரண்டு ஆச்சு. கண்ணு முன்ன மாதிரி இருக்குமா? விட்டுத் தள்ளு. நீ செதுக்குற ரூம் விருந்தாளிக்கு ஆகும்.”

“போன மாசம் லைசென்ஸுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணாங்க. கடைசி வரி வரைக்கும் படிச்சேன். என் கண்ணைக் குத்தம் சொல்லாதீங்க.”

மறுநாள் காலை பறவையை வாசல் வெயிலில் வைத்துப் பார்த்தாள். நடுவர் சொன்னது நிஜம்தான். கண்ணைப் பறிக்கிற நீலம். அதையே உள்ளே, மேசைமேல் தொங்கும் மஞ்சள் குண்டு பல்புக்கடியில் வைத்தாள். முதுகு அடக்கமாக, அழகாக இருந்தது. பல்பு நீலத்தை விழுங்க விழுங்க, இவள் போதவில்லை என்று பூசித் தள்ளியிருக்கிறாள்.

எலக்ட்ரீஷியன் தம்பிக்குப் போன் போட்டாள்.

“நாலு பொம்மைக்காக எல்இடி மாட்டணுமாக்கா? அடுத்த மாசம் பாக்கலாம்.”

“நீ வரவே வேண்டாம்டா.”

பறவையைப் பையில் போட்டுக்கொண்டு விளக்குக் கடைக்குப் போனாள். ஒவ்வொரு விளக்காகப் போடச் சொன்னாள். அடியில் பறவையைப் பிடித்துப் பார்ப்பாள், தெருவுக்கு ஓடி வெயிலில் பார்ப்பாள், திரும்பி வருவாள்.

“எல்லாம் வெள்ளை வெளிச்சம்தாம்மா,” என்று அலுத்துக்கொண்டார் கடைக்காரர்.

“நீங்க சொன்னா ஆச்சா? இவன் ஒத்துக்கணுமே,” என்று பறவையைக் காட்டினாள்.

ஏழாவது விளக்கில் கடைக்குள்ளும் தெருவிலும் நீலம் ஒன்றாகவே இருந்தது. அதில் இரண்டு வாங்கினாள்.

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துச் சரிபார்த்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள்.

“விழுந்து கிழுந்து வைக்கப்போற,” என்றார் கணவர்.

“ஸ்டூலைப் பிடிங்க. பேசாதீங்க.”

ஒரு விளக்கு அரை விரல் கோணலாக நின்றது. ஸ்விட்சைப் போட்டதும் அறை பளிச்சென்றது. மீன்கொத்தியோடு சேர்த்து அலமாரியில் இருந்த பதினான்கு பறவைகளின் லட்சணமும் அப்போதுதான் தெரிந்தது. கிளியின் பச்சை கண்ணைக் குத்தியது, கொக்கு பழுப்பேறிக் கிடந்தது.

“பழைய பல்பே தேவலை. எல்லாம் நல்லாத் தெரிஞ்சுது,” என்றார் கணவர்.

அவள் உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தாள். பதினான்கையும் மரம் தெரியத் தேய்க்க இரண்டு வாரமானது. மறுபடி தீட்ட ஐந்து மாதம். இடையில் வந்த தம்பி அண்ணாந்து பார்த்தான்.

“கோணலா இருக்குக்கா. கழட்டி நேரா மாட்டித் தரவா?”

“கையை வச்சே, தெரியும் சேதி.”

அடுத்த கண்காட்சியில் உள்ளே ஒதுக்கிய மேசையை அவள் வேண்டாமென்றாள். வெளியே, உச்சி வெயிலில் ஒரு மேசை போட்டு மீன்கொத்தியை வைத்தாள். “இங்க வந்து பாருங்க,” என்று அதே நடுவரைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. இரண்டாம் பரிசு கொடுத்தார்.

“முதல் பரிசுக்கு என்ன குறைச்சல்?” என்று கேட்டாள்.

“அலகு கொஞ்சம் தடிமன்.”

வாங்கிப் பார்த்தாள். தடிமன்தான். “சரி,” என்றாள். “அடுத்த வருஷம் இந்த இடத்துலதான் நிப்பேன். நீங்களும் வந்துடுங்க.”